வெயிலில் வெளுத்த மஞ்சள்

கீழாநெல்லியை அம்மியில் மைபோல அரைத்து, மோரில் கரைத்து, வெண்கலத் தம்ளரில் ஊற்றி மகளின் முன்னால் வைத்தாள் கெங்கம்மாள்.

"மூக்கப் புடிச்சிகினு ஒரே மூச்சா குடிச்சிடு."

"எனக்கு ஒண்ணியும் இல்லம்மா. வேணும்னா நாக்க நீட்டறேன், பாரு" என்றாள் குணசுந்தரி.

"நாக்குல தெரியாது. குடி."

"பசிக்குதுன்னா கஞ்சி ஊத்தற. உப்பு போடுன்னா பத்தியம்ன்ற. காமாலை வந்தவங்களுக்குப் பசியே எடுக்காதாமே? எனக்கு இந்தத் தறிக்கட்டையக் கடிச்சித் துன்னலாம் போல கீது."

தறிக்குழிக்குள் கால்மிதியை மிதித்துக்கொண்டிருந்த பலராமன் சிரித்துவிட்டார். ஊடு நூல் ஓட்டும் நாடா அவர் கையில் ஒரு கணம் நின்றது.

"பசிக்கிற காமாலைன்னு ஒண்ணு புதுசா வந்திருக்கும்மே" என்றார் மனைவியைப் பார்த்து.

"சிரிய்யா. நல்லா சிரி. போளூர்க்காரங்க வேற எடம் பாத்து முடிச்ச பொறவு அப்பால குந்தி அழுவலாம்."

அந்தப் பேச்சு வந்ததும் குணசுந்தரி தம்ளரை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொள்ளாமலே குடித்துவிட்டாள். போளூர் என்றால் அவள் எதையும் குடிப்பாள்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துப் பங்குனி அது. வெயில் அப்போதே ஆரணியை வறுக்கத் தொடங்கியிருந்தது. கமண்டல நதியில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. கொசப்பாளையத்துத் தெருக்களில் விடிவதற்கு முன்பே தறிக்கான பாவு நூலை நீட்டி முடித்துவிட்டு, பொழுது ஏறும்போது எல்லாரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். உள்ளே தறிகளின் சத்தம் மட்டும் தெருவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். சாயம் போட்ட பட்டு வெளுத்துவிடக் கூடாது என்று நெசவு வீடுகளில் ஜன்னலைப் பாதி அடைத்தே வைத்திருப்பார்கள். பகலிலும் அந்த வீடுகளுக்குள் அந்தி வெளிச்சம்தான்.

போளூர்ப் பையன் பெயர் ஜெயவேல். சைக்கிள் கடை வைத்திருந்தான். கண்ணமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் குணசுந்தரி அவனைப் பார்த்திருந்தாள். பந்தியெல்லாம் முடிந்து எச்சில் இலை எடுத்த கிழவி வாசலோரம் ஒதுங்கி நின்றபோது, அவன் உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்து இலை போட்டான். பாயசம் தீர்ந்துவிட்டது என்று சமையல்காரர் சொல்ல, தனக்கென்று எடுத்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து கிழவியின் இலையில் ஊற்றினான். கிழவி சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் முன்பல்லில் ஒரு சந்து இருந்தது. குணசுந்தரி வீட்டுக்கு வந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தரகர் சின்னக்கண்ணு, "போளூர்ல ஒரு பையன், சைக்கிள் கடை" என்று ஆரம்பித்த அன்று, நாடாவுக்குத் தார் நூல் சுற்றிக்கொண்டிருந்த அவள் கையில் நூல் அறுந்தது.

முதலில் பெண்ணின் போட்டோ போக வேண்டும். பிடித்தால்தான் நேரில் வருவார்கள். ஆரணிக்குக் கலர் போட்டோ வந்த புதிது. "கருப்பு வெள்ளையில எதையும் மறைச்சிடலாம். கலரு உள்ளத உள்ளபடி காட்டும்" என்று ஊரெல்லாம் பேச்சு. கெங்கம்மாளும் கலரில்தான் எடுக்கச் சொன்னாள். வெங்காயத்தோல் நிறப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து, படம் எடுத்து அனுப்பினார்கள்.

சின்னக்கண்ணு பதிலோடு வந்தபோது செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீதாம். ஆனா மூஞ்சி, கண்ணு எல்லாம் மஞ்ச பூத்து இருக்குதாம். காமாலையா இருக்கும், மொதல்ல ஒடம்பப் பாருங்கன்னு பையனோட அம்மா சொல்லிட்டாங்க. ஆடி போவட்டும், அப்பால பேசலாம்னாங்க."

ஆடி போகட்டும் என்றால் என்ன அர்த்தமென்று கெங்கம்மாளுக்குத் தெரியும். இன்னொரு பிரதியை எடுத்துப் பார்த்தாள். உண்மைதான். மகளின் கண்ணில் வெள்ளையே இல்லை. பல்கூட மஞ்சள். அரையிருட்டு வீட்டில் மகளையும் பார்த்தாள். படத்தைப் பார்த்த கண்ணுக்கு மகளும் மஞ்சளாகத்தான் தெரிந்தாள். மறுநாளே கீழாநெல்லி பறிக்க வாய்க்கால் ஓரம் போய்விட்டாள்.

படம் எடுத்தவர் ஏசுதாஸ். பக்கத்து வீட்டுக்காரர். மார்க்கெட் ரோட்டு மாடியில் மனைவி பெயரில் ஜெபராணி ஸ்டுடியோ வைத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மட்டைச்சுவர்தான். கெங்கம்மாளுக்கு அவர் தம்பி முறை, பலராமனுக்கு மச்சான். கிறிஸ்துமஸ் பலகாரம் சுவருக்கு இந்தப் பக்கம் வரும். பொங்கல் பானை இறங்கியதும் முதல் கிண்ணம் அந்தப் பக்கம் போகும்.

அவரிடம் ஒரு ஜப்பான் கேமரா இருந்தது. அவர் அப்பா ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்கு வண்டி ஓட்டியவர். அந்த அம்மா ஊருக்குத் திரும்பும்போது நினைவாகக் கொடுத்துவிட்டுப் போனது. கழற்றி மாட்டுகிற அதன் லென்ஸ் கைக்கு அடங்கின அளவுதான், ஆனால் நல்ல கனம். அது வந்த அன்றே பலராமனிடம் கொண்டுவந்து காட்டினார்.

பலராமன் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒசந்த சரக்கு மச்சான். ஒசந்த சரக்கு எதுவா இருந்தாலும் வெயிலு காட்டக் கூடாது. வெயிலு கலரத் துன்னுடும்" என்றார். அரக்குப் பட்டில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து, சுற்றி வைக்கச் சொன்னார். அன்று முதல் ஏசுதாஸ் அதைப் பட்டில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தார். முகப்படம் எடுக்கும்போது மட்டும் வெளியே வரும். மறுபடி பட்டு, மறுபடி பெட்டி. வருஷக்கணக்காக அப்படித்தான். கருப்பு வெள்ளைக் காலம் முழுக்க அந்த லென்ஸ் எடுத்த படங்களுக்கு ஊரில் தனிப் பேர். கலர் வந்ததும் கல்யாணப் படங்களுக்கெல்லாம் அதையே வைத்துக்கொண்டார். நல்ல காரியத்துக்கு நல்ல லென்ஸ்.

ஒரு மத்தியானம் ஜெபராணி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மட்டைச்சுவருக்கு மேலே முதலில் இரண்டு கைகள் தெரிந்தன. பிறகு குணசுந்தரியின் தலை.

"அத்தை, அம்மா கோயிலுக்குப் போயிருக்குது. ஜல்தியா ஒரு தட்டு."

ஒரு தட்டு இரண்டு தட்டானது. அவள் சட்டியில் ஒட்டியிருந்ததைச் சோற்றால் துடைத்துச் சாப்பிடுவதைப் பார்த்த ஜெபராணி, கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கத்து வெயிலுக்கு இழுத்துப் போனாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அமுக்கிப் பார்த்தாள். கண் புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் போலிருந்தது.

சாப்பிட வந்த கணவனிடம் அவள் சோறு போடுவதற்கு முன்பே கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கா காமாலை? உன் போட்டோவுக்குத்தான்யா காமாலை!"

ஏசுதாசுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மெட்ராசுல கழுவறவன் சரியில்ல. நானும் சொல்லிகினேதான் கீறேன்."

"எல்லாருக்கும் மஞ்சளாவா கழுவுவான்?"

அவர் சாப்பிட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போய், வாங்கிப்போக ஆள் வராத படங்களையெல்லாம் மேசைமேல் பரப்பினார். மாப்பிள்ளை மஞ்சள். மொட்டையடித்த குழந்தையின் தலை மஞ்சள். வெள்ளைப் புடவையில் நின்ற சர்ச் பாடகர் குழு முழுக்க மஞ்சள் புடவை கட்டியிருந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைத் திறந்து லென்ஸையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு நேரே பலராமன் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, பாப்பாவக் கூப்புடு. வெளிய வெயில்ல வெச்சி இன்னொரு படம் எடுக்கறேன்."

பட்டுத் துணியைப் பிரித்து, லென்ஸைக் கூடத்தில் எதன்மேலோ வைத்துவிட்டு கேமராவுக்கு பிலிம் போட ஆரம்பித்தார். அவர் வைத்த இடம் வெள்ளைப் பட்டு நூல் சுருட்டிய சிட்டங்களின் மேல். சோப்பில் வேகவைத்துப் பசை எடுத்து, அன்று சாயத்துக்குப் போக இருந்த நூல். பல்லி முட்டை போல் வெளுத்திருந்தது.

கதவு வழியே வெயில் ஒரு முழம் உள்ளே வந்திருந்தது. சிட்டத்தை எடுக்கக் குனிந்த கெங்கம்மாள், "அய்யய்யோ!" என்று கத்தினாள்.

"இன்னாமே?" என்று பலராமன் குழியிலிருந்து எழுந்தார்.

"வெள்ளப் பட்டுல யாரோ மஞ்சத்தண்ணி ஊத்திட்டாங்கய்யா!"

லென்ஸைத் தூக்கினார்கள். பட்டு வெள்ளையாக இருந்தது. மறுபடி வைத்தார்கள். கண்ணாடிக்குக் கீழே மட்டும் வட்டமாக மஞ்சள், பாலில்லாத தேயிலைத் தண்ணீர் போல. தூக்கினார்கள், வைத்தார்கள். குணசுந்தரி வந்து அவளும் தூக்கி வைத்துப் பார்த்தாள்.

"அப்போ," என்றாள் குணசுந்தரி மெதுவாக, "இந்தக் கண்ணாடிக்குக் காமாலை. கீழாநெல்லி குடிச்சது நானு!"

கெங்கம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு இரண்டும்தான் என்று தெரிந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏசுதாஸ் மெட்ராசுக்குப் போனார். மவுண்ட் ரோட்டுச் சந்தில் கேமரா பழுது பார்க்கும் சாயபு ஒருவர் லென்ஸைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார்.

"கெட்டுப்போவல வாத்யாரே. இதுல ஒரு கண்ணாடிய தோரியம்னு ஒரு சரக்கு கலந்து உருக்கியிருக்கான். படம் கத்தி மாதிரி கூரா வரட்டும்னு அந்தக் காலத்துல சில லென்சுல போடுவான். அந்தச் சரக்கு சும்மா குந்தாது. ஓயாம கதிர் வுட்டுகினே இருக்கும். அந்தக் கதிரு பட்டுப் பட்டு கண்ணாடி பழுப்பாயிடும். இருட்டுல வெச்சா மஞ்ச ஏறிகினே போவும். வெயில்ல போடு, எறங்கிடும்."

"வெயில்லயா பாய்?"

"மொட்டை மாடில. நல்ல வெயிலா பாத்து. ஆரணின்ற, வெயிலுக்கா பஞ்சம்?"

ஊருக்குத் திரும்பியவர் ஹைஸ்கூலில் பௌதிகம் நடத்தும் ஜெகநாதன் வாத்தியாரையும் கையோடு பலராமன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். கதிர் என்ற வார்த்தை ஏசுதாசுக்குக் கொஞ்சம் உதறலாக இருந்தது. அது கெங்கம்மாளுக்கும் இருந்தது.

"சார், அணுகுண்டு செய்யற வகையறாவா இது?"

"தூரத்துச் சொந்தம்மா. ஆனா சாது" என்றார் வாத்தியார். "உங்க வூட்லயே இருக்குதே. கரண்டு போனா பெட்ரோமாக்ஸ் ஏத்தறீங்க இல்ல? அதுல வலை மாதிரி கட்டற மேண்டிலு, அதுவும் தோரியத்துல நனைச்சதுதான். அதான் அப்படிப் பளீர்னு எரியுது."

கெங்கம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். "எரிஞ்சி உதுந்த அந்தத் தூளுல நான் குத்துவெளக்கு தேய்க்கறேனே! பளபளன்னு ஆவும்!"

"இனிமே தேய்க்காதீங்க. புளி போதும். தூளு மூச்சுல போவக் கூடாது, சோத்துல வுழக் கூடாது. வாயால ஊதாம, ஈரத்துணியில எடுத்துப் பொதைச்சிடுங்க. அவ்ளோதான். லென்சுல இருக்கறது கண்ணாடியோட கண்ணாடியாக் கெடக்குது. அத ஒடைச்சிப் பொடி பண்ணாத வரைக்கும், ராப்பகலா கண்ணுல ஒட்ட வெச்சிக்காத வரைக்கும் பயம் இல்ல."

பலராமன் மணிக்கட்டை முன்னால் நீட்டினார். அதில் அவருடைய மாமனார் கொடுத்த பழைய வாட்ச். "இது இருட்டுல முள்ளு மினுங்குது சார்."

"ரேடியம். மூடியத் தொறந்து சொரண்டாதீங்க."

"மாமனார் வூட்டு சீதனத்த நான் இன்னாத்துக்கு சார் சொரண்டறேன்!"

வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கறுப்புக் காகிதத்தில் வெளிச்சம் புகாமல் சுற்றிய எக்ஸ்ரே பிலிம் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, அதன்மேல் ஒரு புது மேண்டிலைப் பரப்பி, ஏசுதாஸின் இருட்டறை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். "கொஞ்ச நாள் போவட்டும். கழுவிப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் பலராமன் தறிமேடையில் உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"வெயிலு காட்டாதன்னு சொன்னது நானுதானே மச்சான். என் பொண்ணு மூஞ்சில நானே மஞ்சப் பூசிட்டேன்."

"இன்னா மாமா நீங்க! பத்தரமா இருக்கட்டும்னு உங்க பட்டுலயே துண்டு வெட்டிக் குடுத்தீங்க. அது தப்பா? கண்ணாடிக்குப் பட்டோட கொணம் இல்ல, அவ்ளோதான்."

அன்றே லென்ஸ் பலராமன் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறியது. சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைக் கீழே விரித்து, மூடிகளைக் கழற்றி வைத்தார்கள். நெசவுக்காரன் வீட்டு மாடியில் விலையுயர்ந்த பொருள் ஒன்று வெயிலில் கிடப்பதைத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. காக்கை தூக்கிவிடப் போகிறது என்று பலராமன் குச்சியோடு காவல் உட்கார்ந்தார். இரண்டாம் நாள், சாய்ந்திருந்த லென்ஸை நிமிர்த்திப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று குதித்து எழுந்தார். மடியில் வேட்டி புகைந்துகொண்டிருந்தது. கண்ணாடி வழியாக வெயில் ஒரு புள்ளியாய்க் குவிந்து, காசளவு ஓட்டை போட்டிருந்தது.

"கண்ணாடிக்கு என்மேல கோவம்மே. இத்தினி வருசம் இருட்டுல போட்டன்ல!" என்று வேட்டியை உதறினார்.

"எனக்கும்தான் கோவம். நான் ஓட்ட போட்டனா?" என்றாள் கெங்கம்மாள். அதற்குப் பிறகு தீ பிடிக்கிற எதுவும் பக்கத்தில் இல்லாதபடி, நாலு பக்கமும் செங்கல் வைத்துவிட்டு வந்தார்கள்.

தினமும் சாயங்காலம் அவள் லென்ஸை எடுத்து வந்து வெள்ளைச் சிட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்பாள். "நேத்து மஞ்சக்கெழங்கு. இன்னிக்கி எலுமிச்சம்பழம்" என்பாள். அடுத்து தாழம்பூ என்றாள். கத்திரி வெயில் இன்னும் வரவில்லை. அதற்குள் பாதி இறங்கிவிட்டது. குணசுந்தரிக்குக் கஞ்சியில் உப்பு வந்தது. குழம்பு வந்தது. ஆனால் போளூரிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. இரண்டு முறை சின்னக்கண்ணுவிடம் சொல்லி அனுப்பியும், "லென்சுக்குக் காமாலைன்னா சிரிக்கறாங்க" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

ஜெபராணிதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் யோசித்தாள்.

"ஏய்யா, பூரா வெளுத்துட்டா போளூர்க்காரம்மாவுக்கு எதக் காட்டுவ?"

ஏசுதாசுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் போய்ச் சொன்னால் ஊருக்கே தெரியும். கல்யாணக் காலம். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு ஸ்டுடியோ வேறு வந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த சிலுவையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படம் கெட்டா மறுபடி எடுத்துக்கலாம்" என்றாள் ஜெபராணி, சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டே. "பொண்ணு பேரு கெட்டா எந்த மெட்ராசுல கொண்டுபோய்க் கழுவுவ?"

அவர் பலராமன் வீட்டு மாடிக்கு ஓடினார். வெயிலுக்கு இன்னும் ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது என்பதுபோல லென்ஸை எடுத்து, அதே அரக்குப் பட்டில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போளூர் பஸ்ஸைப் பிடித்தார்.

ஜெயவேலின் அம்மா பொன்னியம்மாள் வாசல் நிழலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் புடவை. முன்பக்கம் சைக்கிள் கடை. ஜெயவேல் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஆரணிலருந்து வரேம்மா. அந்தப் பொண்ண போட்டோ எடுத்தவன் நானு."

முறம் நின்றது. "குந்துப்பா. மோரு குடிக்கிறியா?"

மோர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள். "உன்மேல எனக்குக் கோவம் இல்ல தம்பி. அந்தப் பொண்ணு மேலயும் இல்ல. ஜெயவேலு அப்பாவுக்குக் கண்ணுல மஞ்ச ஏறினத நான் பாக்கல. திருவிழா நேரம். பலகாரம் சுட்டுகினு, வளையல் வாங்கிகினு இருந்தேன். பாத்தப்போ கையவுட்டுப் போச்சு. அதுலருந்து யாரு வந்தாலும் மொதல்ல கண்ணத்தான் பாக்கறேன். படத்துல அந்தக் கண்ணப் பாத்ததும் அப்படியே கவுத்து வெச்சிட்டேன்."

அந்தத் துக்கத்துக்கு முன்னால் தோரியமும் கதிரும் பேசத் தோன்றவில்லை அவருக்கு. மோர்த் தம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பட்டுத் துணியைப் பிரித்து, லென்ஸை எடுத்து முறத்திலிருந்த அரிசியின்மேல் வைத்தார்.

"தப்பு என்னுதும்மா. இது வழியா உங்க அரிசியப் பாருங்க."

பொன்னியம்மாள் குனிந்தாள். லென்ஸைத் தூக்கினாள். வைத்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைக் கண்ணாடிக்கு அடியில் இழுத்து வைத்துப் பார்த்தாள். அப்புறம் அதைக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, வெளியே மகனின் வெள்ளைப் பனியனைப் பார்த்தாள்.

"டேய் ஜெயவேலு! உனக்கும் காமாலைடா!"

அவன் ட்யூபோடு எழுந்து வந்தான். விஷயம் புரிந்ததும், "அப்ப எனக்கும் கீழாநெல்லிதானாம்மா?" என்றான். முன்பல் சந்து தெரிந்தது.

"அந்தப் பொண்ணு கீழாநெல்லி குடிச்சிகினு கீதா?" என்று பொன்னியம்மாள் ஏசுதாஸைக் கேட்டாள்.

"காலையில எழுந்ததும் அதான். உப்பில்லாத கஞ்சி. தறிக்கட்டையத் துன்னலாம் போல கீதுன்னுச்சு. இப்பதான் அவங்க அம்மா உப்பு போடறாங்க."

பொன்னியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. "அடக் கடவுளே. நல்லா இருக்கற பொண்ண என் ஒரு வார்த்தையால பட்டினி போட்டுட்டனே."

எழுந்து உள்ளே போனாள். பானைகள் உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது கையில் ஒரு பீங்கான் ஜாடி. வாயைத் துணியால் கட்டியிருந்தாள்.

"உப்பு எலுமிச்ச ஊறுகா. நல்லா உப்பு போட்டது. இத அந்தப் பொண்ணு கையில குடு. வெள்ளிக்கெழம நான் வரேன்னு சொல்லு. கண்ணப் பாக்க இல்ல. அதுக்குச் சோறு ஊட்ட."

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். வெல்லப் பணியாரம், முறுக்கு, ஒரு தூக்கு நிறையக் குழம்பு. பலராமன் வீட்டு அரையிருட்டில் எல்லாரும் எங்கே உட்காருவது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, குணசுந்தரி நேராக வாசல் வெயிலுக்குப் போய் நின்றாள். இரண்டு விரல்களால் கண்ணை அகலத் திறந்து காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க அத்தை."

"மூடும்மா, மூடு" என்று பொன்னியம்மாள் ஓடிவந்து அவள் முகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "இந்தக் கண்ணுக்குத் திருஷ்டிதான் சுத்தணும்."

லென்ஸ் மறுபடி மாடிக்குப் போனது. கத்திரி முடிந்து இறங்கியபோது வெள்ளைச் சிட்டத்தின்மேல் அது இருப்பதே தெரியவில்லை. ஏசுதாஸ் ஸ்டுடியோ வாசலில் ஒரு பலகை வைத்தார்: கலர் படத்தில் மஞ்சளாக விழுந்தவர்கள் அனைவரும் மறுபடி வந்து எடுத்துக்கொள்ளவும், கட்டணமில்லை. ஊரில் அவரைக் கேலி செய்தார்கள். கேலி செய்துகொண்டே வந்து எடுத்துக்கொண்டார்கள். அப்படி வந்தவர்களே பிறகு தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவரை அழைத்தார்கள். அலமாரியில் பூட்டிய பிலிமையும் கழுவினார். வெளிச்சமே படாத அதில் மேண்டிலின் வலை மங்கலாக, கண்ணி கண்ணியாக விழுந்திருந்தது. தன்னைத் தானே எடுத்துக்கொண்ட படம். ஜெகநாதன் வாத்தியார் அதை வகுப்புக்கு எடுத்துப் போனவர் திருப்பித் தரவே இல்லை.

வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில்தான். முந்தின நாள் நலங்குக்குப் பெண்ணை மணையில் உட்காரவைத்தார்கள். சுமங்கலிகள் மஞ்சள் கிண்ணத்தோடு சுற்றி நின்றார்கள். பொன்னியம்மாள் சமையல்கட்டு வாசலில், தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அவளாகவே நின்றாள்.

குணசுந்தரி தலையைத் தூக்கி, "அத்தை எங்க?" என்றாள்.

"நீங்க ஆரம்பிங்க" என்று தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பட்டினி போட்டதுக்குச் சோறு ஊட்டினீங்க. மஞ்ச பூத்திருக்குதுன்னு சொன்னதுக்கு யாரு பூசறது? நீங்க வந்து மொதல்ல பூசுங்க. இல்லன்னா மணைய வுட்டு எழுந்துடுவேன்."

கூடத்தில் ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்தார். கெங்கம்மாள் யாரையும் பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்துப் போய்ப் பொன்னியம்மாளின் கையில் கொடுத்து, தோளை அணைத்தபடி மணைக்குக் கூட்டி வந்தாள். அவள் நாலு விரலில் மஞ்சளைத் தொட்டுப் பெண்ணின் கன்னத்தில் பூசினாள். ஏசுதாஸ் அப்போதுதான் படம் எடுத்தார்.

அச்சிட்ட படங்களோடு இரண்டு வீட்டாரும் போளூரில் கூடினார்கள். பொன்னியம்மாள் முதல் படத்தை எடுத்ததுமே, "இன்னா தம்பி, மறுபடியும் மஞ்சளா!" என்று பதறினாள்.

"பக்கத்துல இருக்கற உங்க பொடவையப் பாருங்கம்மா."

அவள் பார்த்தாள். புடவை பால் போல வெள்ளையாக இருந்தது. பெண்ணின் பல் வெள்ளை. கண் வெள்ளை. கன்னம் மட்டும் மஞ்சள். அதில் நாலு விரல் தடம் பதிந்திருந்தது.

"அது லென்சு பூசினது இல்ல," என்றார் ஏசுதாஸ், "நீங்க பூசினது."

பொன்னியம்மாள் படத்தைத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜெயவேல் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்து, வாசலுக்கு எதிரே வெயில் விழுகிற சுவரில் அடிக்கப் போனான்.

"மாப்பிள்ள, அங்க வேணாம்" என்று பலராமன் எழுந்தார். "வெயிலு கலர..."

"நீ வாயத் தொறக்காதய்யா!" என்றாள் கெங்கம்மாள். வீடே சிரித்தது.

"இல்லக்கா," என்றார் ஏசுதாஸ் சிரிப்புக்கு நடுவில், "இந்தத் தபா மாமா சொல்றதுதான் சரி. கண்ணாடிக்குத்தான் வெயிலு வேணும். படத்துக்கு வேணாம்."

பலராமன் மகளைப் பார்த்து மீசையை ஒரு தடவு தடவிவிட்டு உட்கார்ந்தார். ஜெயவேல் உள்கூடத்துச் சுவரில், பொன்னியம்மாள் படுக்கும் பாய்க்கு நேர் மேலே, வெயில் எட்டாத இடத்தில் ஆணியை அடித்தான்.